கீழே வைத்த R

வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 9, ஞாயிறு

அக்காவுக்கு,

இது சுகம் விசாரிக்கும் கடிதம் அல்ல. அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பிறகு ஏழு மாதமாக நாங்கள் கதைக்கவில்லை. உங்கள் அழைப்புகளை நான் ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். இதை ஈமெயிலில் எழுதுவது, வாயால் சொன்னால் சத்தம் போட்டுவிடுவேன் என்பதால்.

என் முதுமாணிப் படிப்புக்காக நீங்கள் தந்த, நீங்களே எடுத்த நெஞ்சு எக்ஸ்றே படங்கள் நினைவிருக்கும். அப்பா உயிரோடு இருந்த நேரம், போன வருஷம் ஜனவரியில், உங்கள் ஆஸ்பத்திரி மனேஜரிடம் கையெழுத்து வாங்கி, பெயர்களை அழித்து, வெறும் இலக்கத்தோடு ஆறாயிரத்துச் சொச்சம் படம் தந்தீர்கள். ஒவ்வொன்றோடும் டொக்டரின் ரிப்போட்: 'சரி' அல்லது 'சரியில்லை'. 2017 முதல் 2021 வரையான படங்களில் கொம்பியூட்டரைப் பழக்கினேன். 2022, 2023 ஆகிய இரண்டு வருஷப் படங்களையும் தொடாமல் ஒதுக்கி வைத்தேன்.

பழக்குவது என்றால் என்னவென்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். நுரையீரல் இதுதான் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூன்று புள்ளிக்கு மூன்று புள்ளி அளவான ஒரு சின்னச் சதுரம் படத்தின் மேல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டே போகும். கொன்வொலூஷன் என்று நாங்கள் சொல்வது இந்த ஊர்தலைத்தான். முதல் அடுக்கு வெறும் கோட்டையும் விளிம்பையும் பார்க்கும். அடுத்த அடுக்கு அந்தக் கோடுகளைச் சேர்த்து வளைவு பார்க்கும். அதற்கு மேலே போகப் போக விலா எலும்பு, நிழல், புள்ளி. கடைசியில் ஒரு பதில் சொல்லும். ரிப்போட்டோடு ஒத்துவராவிட்டால் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு அடுத்த படத்துக்குப் போகும். இப்படி ஆயிரக்கணக்கான தரம்.

2021 வரையான படங்களில் அதற்குக் காட்டாத சிலவற்றை, சரியானதும் சரியில்லாததும் சம அளவில் கலந்து, சோதித்தபோது, நேற்று அது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரியாகச் சொன்னது. எங்கள் விரிவுரையாளர் சந்திரகுமார் சேருக்கு நம்பிக்கை வரவில்லை, திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொன்னார். திரும்பவும் அதே தொண்ணூற்று நான்கு.

பிறகு, வீட்டில் கிடந்த ரிப்போட்டின் இலக்கத்தை வைத்துத் தேடி, ஒதுக்கி வைத்ததில் இருந்து அப்பாவின் படத்தை மட்டும் கொடுத்தேன். 2023 செப்டெம்பரில் கொட்டாஞ்சேனையில் நீங்களே எடுத்த படம். 'சரி' என்று ரிப்போட் வந்த படம். இது 'சரியில்லை' என்றது. தொண்ணூற்றேழு வீதம் நிச்சயம் என்றது. இரண்டு செக்கன் கூட எடுக்கவில்லை.

ஆறு மாதம் முந்திக் கொண்டு வந்திருந்தால் கட்டியை வெட்டி எடுத்திருக்கலாம் என்று, பிறகு புற்றுநோயைக் கண்டுபிடித்த டொக்டர் சொன்ன நேரம் நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் நெஞ்சையெல்லாம் படம் எடுக்கிற ஆள், பெத்த தகப்பனின் படத்தைக் கையில் வைத்திருந்தீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தில் இருந்ததை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

தனஞ்சயன்


கொட்டாஞ்சேனை
11.02.2025

தம்பி,

கோட்டில கேஸ் போடுற மாதிரி எழுதியிருக்கிறாய். 'என்பதால்' எண்டெல்லாம் எழுதுற ஆளில்லை நீ. ஏழு மாசத்துக்குப் பிறகு உன்ர பேரைப் போனில கண்டன். டியூட்டியில நிண்டனான். வாசிச்சுப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டு, மூச்சை இழுங்கோ, பிடிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, விடச் சொல்ல மறந்துபோனன். பாவம், அந்த மனுசன் முகம் சிவக்கச் சிவக்க நிண்டார்.

நான் டொக்டர் இல்லை, படம் எடுக்கிறவள். அதை உனக்குக் கனதரம் சொல்லியாச்சு. ரிப்போட் எழுதுறது டொக்டர்மார். நாங்கள் வாயைத் திறந்து ஒரு நோயாளிக்கு இது இருக்கு அது இல்லையெண்டு சொன்னா அடுத்த நாள் வேலை இல்லை. உன்ர கொம்பியூட்டருக்கு அந்தப் பயம் இல்லை, அது என்னத்தையும் சொல்லும். பிழையாச் சொன்னாலும் அதை ஆரும் கூப்பிட்டு ஏசப் போறதில்லை.

அண்டைக்கு, முப்பத்தோராம் நாள் பந்தியில, அப்பாவின்ர சொந்தக்காரர் அவ்வளவு பேரும் வாழையிலைக்கு முன்னால இருக்க, 'இவவுக்குக் கண் எதுக்கு' எண்டு கேட்டாய். நான் கையில இருந்த கறிச் சட்டியை அப்பிடியே வைச்சிட்டு இறங்கி வந்தனான். பம்பலப்பிட்டி மாமி இண்டைக்கும் என்னைக் கண்டா தலையைக் குனிஞ்சுகொண்டு போறா. அந்த ஒரு சொல்லுக்கு நீ இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. அதுக்குள்ள அடுத்த கேள்வி கேட்டு எழுதுறாய்.

உன்ர மெஷின் கெட்டிக்காரன் எண்டா எனக்குச் சந்தோசம்தான், நல்லாப் பாஸ் பண்ணு. ஆனா அப்பாவின்ர படத்தை இனி ஒருக்காலும் அதுக்குக் குடுக்காத. அந்த மனுசன் பட்டது காணும், போதும்.

சாப்பாட்டைக் கடையில எடுத்து எடுத்துத் தின்னாத. ஒழுங்காச் சாப்பிடு.

அக்கா


வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 23

அக்கா,

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கவனித்தேன். அதுக்கு முதல் நான் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

போன கிழமை சேர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தனஞ்சயன், சரியாச் சொல்லுது, நல்லது. அது எங்க பார்த்துச் சொல்லுது?" முடிவெடுக்கும் நேரம் படத்தில் எந்த இடம் அதற்கு முக்கியமாக இருந்தது என்று நிறம் பூசிக் காட்டுகிற ஒரு முறை இருக்கிறது. முக்கியமான இடம் சிவப்பு, தேவையில்லாத இடம் நீலம். அதை ஓட்டினேன்.

நுரையீரல் இரண்டும் முழு நீலம். இதயம் நீலம். விலா எலும்பு நீலம். படத்தின் ஒரு ஓரத்தில், கீழே, வலப் பக்கம் எது என்று காட்ட நீங்கள் வைக்கிற R எழுத்து இருக்குதே, அதன் மேல் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. வேறு படம் எடுத்தேன், அதுவும் அப்படித்தான். நாற்பது படம் பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

R ஐ ஒரு கறுப்புப் பெட்டியால் மூடிவிட்டுத் திரும்பச் சோதித்தேன். தொண்ணூற்று நான்கு ஐம்பத்தெட்டாக விழுந்தது. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே ஐம்பது வரும். ஐந்து மாதம் மினக்கெட்டுப் பழக்கின சாமான் நுரையீரலை ஒருநாளும் பார்க்கவே இல்லை. R மேலே, தோளுக்குப் பக்கத்தில் இருந்தால் 'சரி' என்றிருக்கிறது. கீழே, விலாவுக்குக் கீழே இருந்தால் 'சரியில்லை' என்றிருக்கிறது. இப்படிக் குறுக்குவழி பிடிக்கும் என்று படிச்சனான், பரீட்சையிலும் எழுதினனான். எனக்கே நடக்கும் எண்டு நினைக்கேல்லை.

ஆக, அப்பாவின் படத்திலும் அது ஒன்றையும் காணவில்லை. அந்த R ஐத்தான் கண்டது. அதை வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கோ. பந்தியில் சொன்னதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு விஷயம் மட்டும். படம் எடுத்த பிறகு திரையில் R ஐ வைக்கிறது நீங்கள்தானே. ஏன் சிலருக்கு மேலே, சிலருக்குக் கீழே? ஆய்வறிக்கையில் காரணம் எழுத வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

தனஞ்சயன்


கொட்டாஞ்சேனை
25.02.2025

தம்பி,

மன்னிப்பு ஒண்டும் வேண்டாம், விடு. கோவத்தில ஆரும் சொல்லுறதுதான்.

R எங்க இடம் இருக்கோ அங்க வைக்கிறது. குண்டான ஆக்களுக்குத் தோள் பக்கம் இடம் காணாது, அப்ப கீழ வைப்பம். வேற ஒண்டுமில்லை. அறிக்கையில அப்பிடியே எழுது.

ஞாயிற்றுக்கிழமை வாறியோ? கணவாய் வாங்கி வைக்கிறன். நீ வந்து எவ்வளவு காலம்.

அக்கா


வெள்ளவத்தை
2025 மார்ச் 2, ஞாயிறு

அக்கா,

அப்பா குண்டில்லை.

நான் வரேல்லை. கணவாயை நினைச்சுக்கொண்டு பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் போனனான், திரும்பி வந்திட்டன். வந்து எண்ணிப் பார்த்தன்.

2017 இலிருந்து 2021 வரைக்கும் R கீழே இருக்கிற படம் அறுநூற்றுப் பதினொன்று. அதில் ஐந்நூற்று அறுபதுக்கு டொக்டரின் ரிப்போட் 'சரியில்லை'. இடம் காணாமல் கீழே வைத்த எழுத்து எப்படி நோயாளியைப் பார்த்துப் பார்த்து வந்து நிண்டது? மெலிந்த ஆக்களின் படமும் இருக்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் படமும் இருக்கு. தோள் பக்கம் ஒரு வசனமே எழுதுகிற அளவு இடம் கிடக்குது.

நீங்கள் R ஐ வைத்து அனுப்பின பிறகுதான் டொக்டர் படத்தைப் பார்க்கிறார். அப்ப, டொக்டருக்கு முதலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என் மெஷின் குறுக்குவழி பிடிச்சது எண்டு எழுதினேன். அது பிடிச்சது உங்களை.

2022 க்குப் பிறகு கணக்கு மாறுது. R கீழே, ஆனால் ரிப்போட் 'சரி' எண்டு கனக்கப் படம் வருது. அப்பாவின்ர படம் அதில ஒண்டு.

அக்கா, எனக்குப் பொய் சொல்லாதேங்கோ. முதல் கடிதத்தில கேட்டதைத்தான் திரும்பக் கேக்கிறன்.

தனஞ்சயன்


கொட்டாஞ்சேனை
09.03.2025

தம்பி,

ஒரு கிழமையா எழுதி எழுதி அழிச்சன். இண்டைக்கு முடிக்காமல் எழும்புறதில்லை எண்டு இருக்கிறன். இடையில நிப்பாட்டாமல் வாசி.

டொக்டர் கொன்ஸ்ரன்ஸை உனக்குத் தெரியும். அப்பா முந்தி ஒருக்காக் காய்ச்சலுக்கு எங்கட வோர்ட்டில கிடக்க, கேக் கொண்டுவந்து குடுத்த மனுசி, கட்டையாத் தலைமயிர் வெட்டினவ. படம் வாசிக்கிற டொக்டர் எங்களுக்கு அவ ஒராள்தான். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது படம் பாப்பா, பின்னேரமாகக் கண் களைச்சுப்போகும். நான் வேலைக்குச் சேந்து கொஞ்ச வருஷத்தில ஒருநாள் சொன்னா, "மலர், நீதானே முதல் பாக்கிறாய். உனக்கு மனசுக்குச் சரியில்லையெண்டா எனக்கு ஒரு அடையாளம் வை, நான் ரெண்டாம் தரம் பாக்கிறன். எழுதிப்போடாத, எழுதினா உன்னை வேலையால நிப்பாட்டிப்போடுவினம்." அண்டைக்குத்தான் R கீழ வந்தது. எங்கள் ரெண்டு பேரையும் தவிர ஆருக்கும் தெரியாது. பதின்மூண்டு வருஷம் அப்பிடிப் போச்சு. நான் கீழ வைச்சா அவ கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுத் திரும்பப் பாப்பா. எத்தினை பேரை அப்பிடிப் பிடிச்சம் எண்டு நீயே எண்ணிப்போட்டாய்.

2021 கடைசியில அவ ஓய்வெடுத்து மெல்பேணுக்கு மகளிட்டப் போனா. போற அண்டைக்குக் கட்லட், ரோல்ஸ் எல்லாம் வைச்சுப் போட்டோ எடுத்தம், நான் அழுதுகூட அழுதன். R ஐப் பற்றி ரெண்டு பேரும் ஒரு சொல் கதைக்கேல்லை. மறந்துபோனம் தம்பி. பிறகு படங்களைக் கொள்ளுப்பிட்டியில ஒரு கொம்பனிக்கு அனுப்பத் தொடங்கினம். அங்க டொக்டர்மார் திரையில பாத்து ரிப்போட் அடிச்சு விடுவினம். ஆரெண்டு தெரியாது, முகம் கண்டதில்லை. ஒருக்காப் போன் எடுத்து, இந்த இலக்கத்தை இன்னொருக்காப் பாக்கேலுமோ எண்டு சிங்களத்தில கேட்டன். எடுத்த பிள்ளை மரியாதையாத்தான் சொன்னது, படத்தை நாங்க பாக்கிறம் மிஸ், நீங்க எடுத்து அனுப்புங்கோ எண்டு. அடுத்த நாள் மனேஜர் கூப்பிட்டு, உங்கட வேலை என்ன எண்டு கேட்டு ஏசினார். நான் வாயை மூடிக்கொண்டு வந்திட்டன்.

ஆனா R ஐ மட்டும் கீழதான் வைச்சுக்கொண்டிருந்தன். பாக்க ஆளில்லை எண்டு எனக்குத் தெரியும். ஆளில்லாத வீட்டுக் கதவுக்குக் கீழால கடிதம் தள்ளுற மாதிரித்தான். வைச்சவுடன எனக்கு ஒரு நிம்மதி வரும், நான் சொல்லியாச்சு, இனி அவையின்ர பாடு எண்டு. அந்த நிம்மதிக்காகத்தான் வைச்சன். இதை எழுத எனக்கு வெக்கமாயிருக்கு.

அப்பா வந்த நாளைச் சொல்லுறன். நீ ஒபிசுக்குப் போனாப்பிறகு வெள்ளவத்தையில பஸ் ஏறி, தனிய வந்தவர். இருமல் மூண்டு கிழமையா நிக்கேல்லை எண்டார். மகளுக்கு முன்னால சேட்டைக் கழட்ட அந்த மனுசனுக்கு வெக்கம், நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டன். மூச்சை இழுங்கோ அப்பா எண்டன். இழுத்தார். படம் திரையில வந்தது. வலப் பக்கம், காறையெலும்புக்குப் பின்னால, சேட்டுப் பொத்தான் அளவில ஒரு நிழல்.

கண்டனான் தம்பி. நீ கேட்டதுக்குப் பதில் ஓம்.

R ஐப் பிடிச்சுக் கீழ இழுத்து விட்டன். அப்பா பொத்தான் பூட்டிக்கொண்டு வந்து, எப்பிடிப் பிள்ளை எண்டு கேட்டார். ரிப்போட் வரட்டும் அப்பா எண்டன். ஊரில எல்லாருக்கும் சொல்லுற அதே பதில். பிறகு கன்ரீனில பிளேன்ரீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டன்.

ரெண்டாம் நாள் 'சரி' எண்டு வந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை நீ தெரிஞ்சிருக்க வேணும். அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினனான், சைவக்காரி. படிச்ச டொக்டர் சொல்லுறார், நான் ஆர் இல்லையெண்டு சொல்ல எண்டு நினைச்சுக்கொண்டன். அந்தப் படத்தைத் திரும்பத் திறந்து பாக்கேல்லை. திறந்தா அது அங்கதான் இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் இருமல் எப்பிடி எண்டு உன்னட்டக் கேட்டன், ஞாபகமிருக்கோ? நீ, பரவாயில்லை அக்கா, அண்டைக்குப் படம் சரிதானே எண்டு சொல்லுவாய். ஓம் எண்டுவன்.

பந்தியில நீ கண் எதுக்கு எண்டு கேட்ட நேரம் எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக்கூட இருந்தது. நான் காணேல்லை எண்டு நினைக்கிறான், அப்பிடியே நினைச்சுக்கொண்டு இருக்கட்டும் எண்டு பட்டுது. ஏழு மாசம் அந்தச் சொல்லுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டிருந்தனான்.

அப்பாவுக்குப் புற்றுநோய் வருத்தம் தெரிய வந்த நாளில இருந்து, சந்தேகமெண்டா அந்த ஆளிட்டயே மெல்லமாச் சொல்லுறன், வேற இடத்தில இன்னொருக்கா எடுங்கோ எண்டு. அதுக்கு முதல் வந்த ஆக்களை நினைக்கிறதில்லை. நினைக்கப் பயம்.

இதுதான் உள்ளது. இனி நீ என்ன சொன்னாலும் கேக்கிறன்.

நேசமலர்


வெள்ளவத்தை
2025 மார்ச் 16

அக்கா,

வாசிச்சன். அப்பாவின்ர கதிரையில இருந்து வாசிச்சன், பிறகு எழும்பி நிண்டு வாசிச்சன்.

நீங்கள் காணாமல் விட்டிருந்தா எண்டைக்கோ ஒருநாள் மன்னிச்சிருப்பன், அதுக்கு என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் வந்தனான். மனிசக் கண்தானே, தவறும். கண்டிட்டு, கண்டதை ஒரு எழுத்துக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டு, அந்த மனுசனுக்குப் பிளேன்ரீ வாங்கிக் குடுத்து அனுப்பினதை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. கோவம் எண்டு கூடச் சொல்ல ஏலாமல் இருக்கு. வாராவாரம் இருமலைப் பற்றிக் கேட்டீங்கள், நான்தான் படம் சரி எண்டு உங்களுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னனான். அப்பாவைப் பற்றி இதுக்கு மேல நான் எழுத மாட்டன்.

இப்ப நான் எழுதுறது வேற விஷயம். ஓரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு முதலில இருந்து பழக்கு, இந்த மொடலைத் தூக்கி எறி எண்டு சேர் சொன்னவர். எறியிறதுக்கு முதல், ஒதுக்கி வைச்சிருந்த 2022, 2023 படங்களை அதுக்குக் குடுத்தன். இதுக்கு நோய் தெரியாது. நீங்கள் சந்தேகப்பட்டீங்களோ இல்லையோ எண்டது மட்டுந்தான் தெரியும். அதில மகா கெட்டிக்காரன்.

R கீழே இருந்தும் 'சரி' எண்டு ரிப்போட் போன படம் முப்பத்தெட்டு. மெஷினை நம்பாமல் ஒவ்வொண்டையும் என்ர கண்ணாலயும் பார்த்தன். இலக்கங்களைத் திகதி வரிசையில இதோட அனுப்புறன். பேர் என்னட்ட இல்லை, உங்கட பதிவுப் புத்தகத்தில இருக்கும். அதில ஒராள் போயிட்டார். மிச்சம் முப்பத்தேழு பேரும் அந்த ரிப்போட்டை அலுமாரியில வைச்சுக்கொண்டு, தங்களுக்கு ஒண்டும் இல்லையெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம்.

மனேஜரிட்டப் போனா உங்கட வேலைக்கு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். போங்கோ எண்டும் சொல்லேல்லை, போகாதேங்கோ எண்டும் சொல்லேல்லை. இலக்கம் இனி உங்கட கையில.

போன் எடுக்காதேங்கோ. நான் எடுக்க மாட்டன்.

தனஞ்சயன்


கொட்டாஞ்சேனை
06.04.2025, ஞாயிறு

தம்பி,

போனன். உன்ர கடிதம் வந்த மற்ற நாளே மனேஜரிட்டப் போய், கதவைச் சாத்திப்போட்டு, R இல இருந்து எல்லாத்தையும் சொன்னன். முதல் அவர் நான் என்ன சொல்லுறன் எண்டு விளங்காமல் சிரிச்சார். பிறகு சிரிக்கேல்லை. ஒரு கிழமையா மாறி மாறிக் கூட்டம் வைச்சினம். எழுதித் தரச் சொல்லிச்சினம், எழுதிக் குடுத்தன். இந்த மாசக் கடைசியில விசாரணை. அதுவரைக்கும் படம் எடுக்க விடமாட்டினம். ஆனா பதிவுப் புத்தகத்தைத் தந்தினம், ஆஸ்பத்திரி போனையும் தந்தினம். அந்த ஆக்களுக்கு நானே சொல்ல வேணும் எண்டு கேட்டுக்கொண்டனான்.

உன்ர வரிசைப்படிதான் எடுக்கிறன், பாஞ்சு போறதில்லை. ஒரு நாளைக்கு ரெண்டு, மூண்டுக்கு மேல என்னால ஏலாது. எல்லாருக்கும் ஒரே வசனந்தான், ஒரு கடுதாசியில எழுதி முன்னால வைச்சிருக்கிறன். இல்லாட்டி நான் சுத்தி வளைச்சுப் பூசி மெழுகிப்போடுவன். முதல், நான் நேசமலர், உங்கட நெஞ்சுப் படத்தை எடுத்தது நான். அடுத்தது, அதில நான் ஒண்டைக் கண்டனான், உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன், பிழை என்னில. கடைசியா, தயவுசெய்து நாளைக்கே வந்து இன்னொருக்கா எடுங்கோ.

இதுவரைக்கும் இருபத்திரண்டு பேர். ஏழு நம்பர் வேலை செய்யேல்லை, அந்த ஆக்களுக்கு விலாசத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறன். பதினொரு பேர் வந்து எடுத்திட்டினம். அதில மூண்டு பேருக்கு ஒண்டுமே இல்லை, நான் கண்டது வெறும் நிழல். ஆறு பேருக்குப் பழைய தழும்பு, பயமில்லை. ரெண்டு பேருக்கு இருக்கு. ஒராளுக்கு ஒப்பரேஷன் செய்யலாமாம், நேரத்தோட வந்திட்டீங்கள் எண்டு டொக்டர் சொன்னவராம். அந்த மனுசி எனக்கு நன்றி சொல்லிச்சுது. நான் அந்த நன்றியை வாங்கேல்லை.

ஜிந்துப்பிட்டியில ஒருத்தர் தூசணத்தால ஏசினார். முடியும் மட்டும் கேட்டுக்கொண்டு நிண்டன். பிறகு அவரும் வந்து எடுத்தார், பதினொண்டில ஒராள் அவர்.

நாலு பேர் இல்லை. ரெண்டு பேர் வேற வருத்தத்தில போனவை. மற்ற ரெண்டு பேரும் எதில போனவை எண்டு வீட்டுக்காரர் சொல்ல நான் கேட்டன். ஒண்டு கிராண்ட்பாஸில, ஷிம்னா எண்ட பிள்ளை போனை எடுத்தது. உம்மா மௌத்தாகி ஒரு வருஷமாகுது எண்டிச்சுது. என்ர ரெண்டாம் வசனத்தை நான் சொல்லித்தான் ஆகவேணும் எண்டு நினைச்சுச் சொன்னன். பிறகு, "இத ஏன் இப்ப எனக்குச் சொல்றீங்க?" எண்டு கேட்டிச்சுது. நீங்கள் தெரிஞ்சிருக்க வேணும் எண்டன். அழுதது. வைக்காமல் அழுதது, நானும் வைக்கேல்லை. முடிவில, வேற ஆக்களுக்கும் எடுக்கிறீங்களா எண்டு கேட்டிச்சுது. ஓம் எண்டன். எடுங்க எண்டு சொல்லிப்போட்டு வைச்சது.

நேற்று இருபத்திரண்டாவதை முடிச்சிட்டுப் பதிவுப் புத்தகத்தில இருபத்திமூண்டாவது இலக்கத்தைத் தேடினன். 2023 செப்டெம்பர். பேர், வயது, விலாசம் எல்லாம் என்ர கையெழுத்து. நாகேந்திரம், எழுபத்தொண்டு, வெள்ளவத்தை. தொடர்பு கொள்ள வேண்டிய நம்பர் எண்ட இடத்தில, தன்னட்டப் போன் இல்லை, தம்பியின்ர நம்பரைப் போடு பிள்ளை எண்டு அப்பா சொல்ல, உன்ர நம்பரை எழுதியிருக்கிறன்.

உன்னை விட்டிட்டு இருபத்திநாலுக்குப் போகலாம் எண்டுதான் முதல் நினைச்சன். அப்பிடிப் பாஞ்சு போனா மற்ற ஆக்களிட்டச் சொன்ன வசனமெல்லாம் பொய்யாப் போயிடும். கடிதத்தில எழுதியாச்சுத்தானே எண்டு நீ கேப்பாய். எழுதினது மட்டும் காணாது. எழுதி வைச்சுப்போட்டுச் சும்மா இருந்ததாலதான் இவ்வளவும்.

நாளைக்குத் திங்கக்கிழமை காலமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி நம்பரில இருந்து வரும். மன்னிக்கச் சொல்லிக் கேக்க மாட்டன். கடுதாசியில இருக்கிற முதல் ரெண்டு வசனத்தையும் சொல்லுவன். மூண்டாவதைச் சொல்ல இனி ஆளில்லை.

எடு தம்பி.

அக்கா